ஒரு நாடகத்துக்கு அஞ்சிய அரசு

பாடசாலை விழாக்களில் நாம் நாடகத்தைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியாகத்தான் சேர்க்கிறோம். ஆனால் ஆங்கிலேயர் ஆண்ட கல்கத்தாவில் நாடகத்துக்கு அரசே அஞ்சியது.

1860இல் தபால் திணைக்கள அதிகாரி தீனபந்து மித்ரா, தன் பெயரைப் போடாமல் 'நீல தர்ப்பணம்' என்ற வங்காள நாடகத்தை டாக்காவில் வெளியிட்டார். அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்காரத் துரைமார் விவசாயிகளை வதைத்ததே கதை. ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லோங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறை, 1000 ரூபா தண்டப்பணம்.

அதுவரை கல்கத்தாவில் நாடகம் பெரும்பாலும் செல்வந்தர் வீட்டு விருந்தினருக்குத்தான். 1872 டிசம்பர் 7ஆம் திகதி நேஷனல் தியேட்டர் குழு டிக்கட் விற்று, எல்லோரும் பார்க்க இதையே முதல் நாடகமாக மேடையேற்றியது.

1875இல் கல்கத்தாக் கலைஞர்கள் லக்னோவில் இதை நடித்தார்கள். தோராப் என்ற முஸ்லிம் விவசாயி துரையை அடிக்கும் காட்சியில் வெள்ளையர்கள் மேடையில் பாய்ந்தார்கள். நாடகம் பாதியில் நின்றது. மறு ஆண்டே, நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசு சட்டமாக்கிக்கொண்டது.

அந்தக் காட்சியில் தோராப் தனியாக இல்லை. அவரும் நவீன் மாதவ் என்ற இந்துவும் சேர்ந்தே ஓர் ஏழை இந்து விவசாயியின் மகளைத் துரையிடமிருந்து மீட்கிறார்கள். சட்டத்தோடு இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.