மூளை நாடியிற் குருதிக்கட்டி: ஒரு சிகிச்சையின் வரலாறு

மருத்துவ வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. புதிய கருவி தோன்றியது, நோய் தணிந்தது என்பதே அவ்வகை எழுத்தின் சாரம். ஆயின், மூளை நாடியை அடைத்துநிற்கும் குருதிக்கட்டியைக் கருவிகொண்டு அகற்றும் சிகிச்சையின் வரலாறு இப்பார்வைக்கு அடங்குவதன்று. இதற்கான முதற்கருவி ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2004 ஆம் ஆண்டிலாகும். அச்சிகிச்சையின் பயன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதோ 2015 ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

பாரிசவாதம் இருவகைக் காரணங்களால் விளைவது. மூளையினுள் குருதி கசிதல் ஒன்று; நாடி அடைபட்டுக் குருதியோட்டம் தடைப்படுதல் மற்றையது. உடலின் ஓரிடத்தில் உறைந்த குருதி ஓட்டத்தோடு சென்று பிறிதோரிடத்து நாடியை அடைக்கலாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மானிய அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ விளக்கினார். 1927 இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளை எக்ஸ் கதிர்ப் படத்திற் காட்டினார். 1971 இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கணினி ஊடுகதிர்ப் படமுறை முதன்முதலாக நோயாளியொருவரிடம் பயன்படுத்தப்பட்டது. கசிவையும் அடைப்பையும் நோயாளி உயிரோடிருக்கும்போதே வேறுபடுத்தி அறிய இதனால் வழி பிறந்தது. இவ்வேறுபாட்டை அறியாது கட்டியைக் கரைக்க முயல்வது கசிவுற்ற நோயாளிக்கு நஞ்சாக முடியும்.

1970களின் பிற்பகுதியில் எழுந்த மற்றொரு கருத்தும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. அடைப்பு நேர்ந்தவுடன் மூளையின் அப்பகுதி முழுவதும் மடிந்துவிடுவதில்லை. நடுப்பகுதி விரைவில் அழிய, அதனைச் சூழ்ந்த கலங்கள் தொழிற்படாதனவாயினும் உயிரோடு எஞ்சியிருக்கின்றன. கிரகண காலத்துக் கருநிழலைச் சூழும் அரைநிழலின் பெயரையே அஸ்ட்ரப் முதலிய ஆய்வாளர் இதற்கு இட்டனர். அரைநிழல் கருநிழலாக மாறுமுன் குருதியை மீளப் பாய்ச்சவேண்டும். சிகிச்சையின் இலக்கு இதுவென வரையறுக்கப்பட்டது.

இவ்விலக்கை நோக்கிய முதற்பெரு வெற்றி மருந்தினால் கிட்டியது. நோய் தொடங்கி மூன்று மணித்தியாலத்திற்குள் நாளத்தினூடாகச் செலுத்தப்படும் கட்டிகரைக்கும் மருந்து பயன்தரும் என்பதை 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆயினும், பெருநாடிகளை அடைக்கும் பெருங்கட்டிகள் இம்மருந்துக்குப் பெரும்பாலும் இணங்கவில்லை. கட்டியை நேரே சென்று அகற்றினாலென்ன என்ற எண்ணம் இக்குறையினின்றே வலுப்பெற்றது.

கை, கால் நாடிகளிலிருந்து கட்டியை இழுத்தெடுக்கும் பலூன் குழாயைத் தோமஸ் போகார்ட்டி 1960களின் தொடக்கத்திலேயே ஆக்கியிருந்தார். மூளை நாடிகளோ சில மில்லிமீற்றர் விட்டமே உடையன, வளைந்து செல்வன, மெல்லிய சுவருடையன. 2004 இல் அனுமதி பெற்ற கருவி தக்கைத் திருகியை ஒத்த சுருட்கம்பியாகும். தொடையின் மேற்பகுதி நாடியினூடே புகுத்தப்பட்ட நுண்குழாய் கழுத்தைக் கடந்து மூளையை அடைய, அக்கம்பி கட்டியைப் பற்றி வெளியே இழுத்தது. பின்னர் 2008 இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் மருத்துவர்கள் வலைக்குழாய் ஒன்றை இதே நோக்கிற்குப் பயன்படுத்தினர். நாடி வீக்கச் சிகிச்சைக்கென ஆக்கப்பட்ட அவ்வலை, கட்டியினுள் விரிந்து அதனைத் தன்னோடு சேர்த்து வெளிக்கொணர்ந்தது. அது சுருட்கம்பியினும் சிறந்தது என்பது 2012 இல் ஒப்பீட்டாய்வால் தெளிவாயிற்று.

எனினும், நாடி திறந்தது என்பதும் நோயாளி எழுந்து நடந்தார் என்பதும் ஒன்றல்ல. 2013 இல் ஹொனலூலுவில் நடைபெற்ற மாநாட்டில் மூன்று ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. நாடிவழிச் சிகிச்சை மருந்துச் சிகிச்சையினும் மேம்பட்டதென அவற்றுள் ஒன்றேனும் காட்டவில்லை. அவற்றிற் பயன்பட்டவை பெரும்பாலும் பழைய கருவிகள். சிகிச்சை தொடங்கத் தாமதமும் நேர்ந்தது. சிலவற்றில், பெருநாடி அடைப்பு உண்டா என்பதைப் படத்தால் உறுதிசெய்யாமலே நோயாளிகள் சேர்க்கப்பட்டிருந்தனர்.

திருப்புமுனை ஒல்லாந்து நாட்டில் நேர்ந்தது. அங்கு 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகள் எழுமாறாக இரு பிரிவினராக்கப்பட்டனர். அடைப்பு படத்தால் உறுதிசெய்யப்பட்டது. பெரும்பாலும் வலைக்கருவியே பயன்பட்டது. ஆய்விற் பங்குகொள்ளும் மருத்துவமனைகளுக்கே இச்சிகிச்சைக்கான கொடுப்பனவு என்ற நிபந்தனையும் அங்கு விதிக்கப்பட்டிருந்தது. ஆர்வத்தாற் சிகிச்சையைத் தாமே வழங்கிவிடும் போக்கு இதனாற் கட்டுப்பட்டது. மூன்று மாதங்களின் பின் பிறர் துணையின்றி வாழ வல்லோர், கருவிச் சிகிச்சை பெற்றோருள் 32.6 வீதம், பெறாதோருள் 19.1 வீதம். 2015 இல் மேலும் நான்கு ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தின. இவ்வைந்திலும் பங்குகொண்ட 1,287 நோயாளிகளின் தரவுகள் 2016 இல் ஒருங்கு நோக்கப்பட்டன. ஏறத்தாழ மூவருக்குச் சிகிச்சை அளிப்பின் ஒருவரது இயலாமை ஒரு படியேனும் குறையும் என்பது பெறப்பட்டது. தக்க நோயாளியைப் படத்தாற் தெரிந்தெடுப்பின் 24 மணித்தியாலம் வரையிலும் பயனுண்டு என்பதை 2018 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இவ்வரலாறு இருவகைத் தவறுகளை எச்சரிக்கின்றது. 2004 இன் ஆர்வத்தை மட்டும் நம்பியிருப்பின், பயன் நிறுவப்படாத சிகிச்சையொன்று வழக்காகியிருக்கும். 2013 இன் முடிவை இறுதியெனக் கொண்டிருப்பின், எண்ணற்றோர் மீளக்கூடிய வாழ்வை இழந்திருப்பர். கருவியை ஐயுற்றதோடமையாது, ஆய்வின் அமைப்பையும் ஐயுற்று மீளச் சோதித்தமையே உண்மையை வெளிக்கொணர்ந்தது.

எஞ்சி நிற்கும் வினா அறிவு பற்றியதன்று, ஒழுங்கமைப்பு பற்றியது. பெருநாடி அடைப்பின்போது ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன என 2006 இல் மதிப்பிடப்பட்டது. பயிற்சிபெற்ற வைத்தியரும் படமெடுக்கும் வசதியும் இரவுபகலாக ஆயத்தமாயுள்ள மருத்துவமனையை நோயாளி உரிய காலத்தில் அடைந்தாலன்றி, மேற்கூறிய அறிவனைத்தும் அவருக்குப் பயனற்றதே. ஒருவர் எழுந்து நடப்பதையும் படுக்கையிற் கிடப்பதையும் அவர் வீழ்ந்த இடம் தீர்மானிக்கும்வரை இவ்வரலாறு நிறைவுற்றதெனக் கொள்ளல் பொருந்தாது.