உயர் அழுத்தத்தில் செராமிக் பொருள்கள்

கடுமையாக நெருக்கும்போது செராமிக்கின் அடர்த்தி, கடினத்தன்மை, படிக அமைப்பு எப்படி மாறுகின்றன என்று ஆராயும் துறை. திண்டிவனத்துக்கு வடகிழக்கே, 1971இல் தொடங்கிய கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் இவ்வாய்வு நடக்கிறது. அணு எரிபொருள்களில் பலவும் செராமிக்குகளே.

கருவி உள்ளங்கையில் அடங்கும். பெயர் வைரப் பட்டடைக் கலம்: கொல்லன் பட்டடைதான், இங்கே வைரத்தில். இரு வைர முனைகளுக்கு நடுவே, உலோகத் தகட்டின் மில்லிமீட்டரிலும் சிறிய துளையில் பொடியை வைத்துத் திருகை முடுக்குவார்கள். கூடவே, அழுத்தத்தை அளக்க ஒரு மாணிக்கத் துணுக்கு. லேசர் பட்டால் அது உமிழும் 694 நானோமீட்டர் சிவப்பொளியின் அலைநீளம், கிகாபாஸ்கலுக்கு (சுமார் 10,000 வளிமண்டல அழுத்தம்) ஏறத்தாழ 0.36 நானோமீட்டர் நகரும். மாணிக்கம் அலுமினிய ஆக்சைடு, அதுவும் ஒரு செராமிக்தான். அளவுகோலும் அதே இனம் என்பது வேடிக்கை.

அணு எரிபொருளான யுரேனியம் டைஆக்சைடு 40 கிகாபாஸ்கல் அளவில் ஃபுளூரைட் அமைப்பை விட்டு, இன்னும் நெருக்கமான கோட்டுனைட் அமைப்புக்கு மாறத் தொடங்குகிறது.