களிமண் யானையும் மூணு மணி நேரப் பள்ளிக்கூடமும்

போன வாரம் பேத்தி வந்திருந்தா. டவுனுல மூணாம் வகுப்பு படிக்கிறா. பள்ளிக்கூடத்துல 'ஆர்ட் புராஜெக்ட்' குடுத்திருக்காங்களாம், தலைப்பு 'நம் கிராமம்'. கூடவே வாங்க வேண்டிய சாமான் பட்டியல்: தெர்மாகோல் ரெண்டு, ஜிகினாத் தூள், பச்சை சார்ட், சின்ன பிளாஸ்டிக் மாடு. கட்டுத்தரையில நாலு மாடு நிக்குது. நான் பிளாஸ்டிக் மாடு வாங்க பஸ் ஏறணுமாம்!

"குளத்து மண்ணுல நாமளே பண்ணிக்கலாம் வா கண்ணு"ன்னு கூட்டிட்டுப் போய் ஒரு சட்டி மண் எடுத்துட்டு வந்தேன். திண்ணையில இருந்த எங்க அப்பா ஒண்ணும் பேசல. ஆனா அவர் பார்த்த பார்வை எனக்குப் புதுசு இல்லை. அதுக்குப் பின்னால ஒரு சரித்திரமே இருக்கு.

சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் குடுக்கணும்ங்கிறது நம்ம நாட்டுல பெரிய பேச்சா ஆனது 1937-ல். அந்த வருசம் அக்டோபர்ல வார்தாவுல காந்தி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். ஏழு வருசம் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழியில படிப்பு, நடுநாயகமா ஒரு கைத்தொழில். இதுதான் திட்டம். ஜாகிர் உசேன் தலைமையில குழு போட்டுப் பாடத்திட்டம் எழுதினாங்க. நூல் நூற்பு, தச்சு, தோட்டவேலையோட ஓவியமும் இசையும் அதுல இருந்துச்சு. தமிழ்ல இதை 'ஆதாரக் கல்வி'ன்னு சொன்னோம். நூல் நூற்கும்போதே கணக்கும் வரணும், பருத்தி விளையுற மண்ணைப் பத்தியும் தெரியணும்ங்கிறது அவங்க நினைப்பு.

நான் ஆரம்பப் பள்ளி படிச்ச எழுபதுகள்ல அதுல மிச்சம் இருந்தது தக்ளி மட்டும்தான். வாரத்துல ஒரு நாள் கைத்தொழில் வகுப்பு. பஞ்சு அறுந்து அறுந்து விழும். கணக்குக்கும் தக்ளிக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் சொல்லல. ஒரு நாள் மட்டும் வாத்தியார் களிமண் பிசைஞ்சு பொம்மை பண்ணச் சொன்னார். நான் ஒரு யானை பண்ணினேன். தும்பிக்கை நிக்காம விழ, ஈர்க்குச்சி சொருகி நிக்க வெச்சேன். நல்லா இருக்குன்னு சொல்லி வாத்தியார் வீட்டுக்குக் குடுத்து அனுப்பினார்.

அப்பா அதை வாங்கி வாசல்ல வீசிட்டார். "மண்ணைப் பிசையறதுக்கா உன்னைய அனுப்புறேன்? அது இங்கயே இருக்குது." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ரொம்ப நாள் ஆறல.

காரணம் பல வருசம் கழிச்சுத்தான் புரிஞ்சது. 1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதுத் திட்டம் ஒண்ணு வந்துச்சு. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் பள்ளிக்கூடம். காலையில ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மீதி நேரம் பிள்ளைங்க வீட்டுல, அப்பன் ஆத்தா செய்யுற தொழிலைப் பழகணும். கட்டடமும் இல்லை, வாத்தியாரும் பத்தலை, இருக்கிறதை வெச்சு ரெண்டு மடங்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்னு அரசாங்கம் கணக்கு சொன்னது. ஆனா பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் இல்லை! சவரம் பண்றவர் பிள்ளை சவரமும், சட்டி வனையுறவர் பிள்ளை சட்டியும்தானான்னு பெரியாரும் தி.மு.க.வும் கிளம்பினாங்க. 'குலக்கல்வித் திட்டம்'ங்கிற பேரே அதுக்கு நிலைச்சுப் போச்சு. காங்கிரசுக்குள்ளயே எதிர்ப்பு. 1954 ஏப்ரல்ல ராஜாஜி விலகி காமராஜர் வந்தார். அடுத்த மாசமே திட்டத்தைக் கைவிட்டாங்க.

அந்த வருசம் எங்க அப்பா மூணாம் வகுப்பு. அவருக்குக் கிடைச்ச 'கைத்தொழில்' மாடு மேய்க்கிறது. மதியம் பள்ளிக்கூடம் போன பையன் சாயங்காலமும் காலையிலயும் மாட்டுக்குப் பின்னால. திட்டம் போன பிறகும் மாடு அவரை விடல. அஞ்சாவதோட நின்னுட்டார். அவர் வீசினது என் யானையை இல்லைன்னு எனக்கு இப்பத் தெரியும்.

அதுக்காகக் கைவேலையே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அதே களிமண்தான். சட்டி வனையுறவர் பிள்ளை மட்டும் பிசைஞ்சா அது விலங்கு. டாக்டர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒண்ணா உக்காந்து பிசைஞ்சா அது படிப்பு. படிப்பு நேரத்தைப் பிடுங்காம, படிப்போட சேர்ந்து வரணும்.

அப்படி ஒண்ணு பின்னால வரவும் செஞ்சது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலதுல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க. ஆந்திராவுல ரிஷி வேலி பள்ளிக்காரங்க உருவாக்கின முறை அதுக்கு முன்மாதிரி. 2007-08-ல் தமிழ்நாடு பூரா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்துச்சு. எனக்குப் பிடிச்சது அந்தத் தாழ்வான கரும்பலகைதான். சுவரைச் சுத்திப் பிள்ளைங்க உசரத்துக்கு அடிச்சிருப்பாங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடம். வாத்தியார் கைக்கு மட்டும் எட்டின பலகை, அன்னைக்குத்தான் பிள்ளை கைக்கு எட்டினது. 2022-ல் இருந்து கலைத் திருவிழாவும் நடக்குது. இருந்தாலும் ஆரம்பப் பள்ளிக்குன்னு தனியா ஓவிய ஆசிரியர் கிடையாது. எல்லாப் பாடமும் எடுக்கிற டீச்சரேதான் படமும் சொல்லித் தரணும்.

பேத்தி கதைக்கு வர்றேன். அவ பண்ணின மாடு மறுநாள் வெயில்ல வெடிச்சுப் போச்சு. அழுகை. திண்ணையில இருந்து அப்பா மெதுவா எறங்கி வந்தார். "வெறும் களிமண்ணு வெடிக்காம என்ன பண்ணும்? கொஞ்சம் மணலும் உமியும் கலந்து பிசை. நெழல்ல காய வை"ன்னார். கொஞ்ச நேரத்துல அவரே உக்காந்து கொம்பு உருட்டிக் குடுத்தார். மாடு மேய்ச்ச கை இல்லையா, கொம்போட வளைவு அச்சு அசலா வந்துச்சு.

புராஜெக்டுல அந்த மாடுதான் போச்சு. ஜிகினா இல்லைன்னு ஒரு மார்க் குறைச்சாங்களாம். அப்பாகிட்ட இன்னும் நான் சொல்லல.