இரயில் முதலில் வந்த கரை

நம் இராயபுரம் இரயில் நிலையமே தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் என்பதை நம் இளைஞர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை பயணிகள் வண்டி ஓடிற்று. சென்ட்ரல் நிலையம் எழுந்ததோ 1873இல்தான். அத்தகைய பகுதியில் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்தது 2021 பிப்ரவரியில். கோயம்பேடு–ஆலந்தூர் தடம் 2015லேயே திறக்கப்பட்டுவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் வடகரை இழந்தவற்றுள் முதன்மையானது அதன் நிலமேயாகும். 1875இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தும் பணி நிற்கவில்லை. நம் கடலில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்தமையால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே மணல் வராமையால் அலைகள் கரையைத் தின்றன. காசிமேடு முதல் எண்ணூர் வரை கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்கள் அதன் சாட்சிகள். ஒரே சுவர், இரு கரைகளுக்கும் இரு வேறு விதி!

பின்னர் 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. மின்சாரம் நகரமெங்கும் சென்றது; சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் தங்கிற்று. நம் மக்களுக்கு வேலை கிடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயின் அச்சரக்குகள் செல்லும் சாலைக்கு நிதி எளிதில் கூடவில்லை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் செலவைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரு துறைமுகங்கள், மாநில அரசு ஆகிய நான்கு தரப்பினரும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பலர் கூடிப் பங்கிட வேண்டிய செலவு எவ்வாறு இழுபடும் என்பதை நிர்வாகக் கமிட்டியில் இருந்தோர் நன்கறிவர். நில எடுப்பும் கரையோரக் குடும்பங்களின் மறுகுடியமர்வும் தாமதத்தை மேலும் நீட்டின. அவ்வாண்டுகளில் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாய் நிற்க, பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் இடையே புகுந்து சென்றனர்.

2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கியபோது அத்தொகை 4,181 கோடியாக உயர்ந்திருந்தது. பல துறைகளின் பணிகளைச் சேர்த்துக் கூட்டிய தொகை அது. ஆகவே நம் வட்டத்தில் எந்தப் பணி எந்தத் துறையின் கணக்கில் நடக்கிறது என்பதை மாமன்ற உறுப்பினரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நன்று.