அடுப்புக்கு மேலே ஒரு சாங்: உணவுலர்த்தலின் வரலாற்றில் தட்டின் இடம்

நகர வீடுகளின் சமையல் மேடைகளில் இடம்பிடித்துவரும் பல்பயன் மின்சமையற் கலன்களுக்குத் துணைக்கருவியாகக் கம்பியாலான அடுக்குத் தட்டுகள் விற்கப்படுகின்றன. சீவிய மாங்காயையோ தக்காளியையோ அவற்றில் பரப்பிக் கலனுக்குள் இறக்கிவிட்டால், மெல்லிய சூடும் விசிறிக் காற்றும் சில மணி நேரத்தில் அவற்றை உலர்த்திவிடுகின்றன. ஒரே கருவி சமைக்கவும் உலர்த்தவும் செய்கிறது என்பது அதன் புதுமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால், சமைக்கும் நெருப்பையும் உலர்த்தும் தட்டையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பது இந்திய வீடுகளுக்குப் புதிதன்று. அவை எப்போது, ஏன் பிரிந்தன என்பதே வரலாற்றாய்வு கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு மொழியிலிருந்து மட்டும் விடை தேடினால் பாதிதான் கிடைக்கும். தமிழில் 'காய்' என்னும் வினை சூடேறுதலையும் உலர்தலையும் ஒருங்கே குறிக்கிறது. நீரும் காய்கிறது, துணியும் காய்கிறது. தெலுங்கில் 'எண்ட' என்றால் வெயில். 'எண்டு' என்றால் உலர்தல். இச்சொற்கள் உலர்த்தலின் பெருமையை வெயிலுக்கும் வெப்பத்துக்குமே அளிக்கின்றன. தமிழின் 'உணங்கு', மலையாளத்தின் 'உணங்ஙு', கன்னடத்தின் 'ஒணகு' ஆகிய ஓரின வினைகள் ஈரம் நீங்கிய நிலையைச் சுட்டுகின்றனவே தவிர, அதை நீக்கியது எது என்று சொல்வதில்லை. பொருளைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திக் காற்றுக்கு வழிவிட்ட தட்டுக்கு இவ்வினைகளில் இடமில்லை. அதன் வரலாற்றைப் புழங்குபொருள்களிடமிருந்தே பெற வேண்டியிருக்கிறது.

மேற்குக் கடற்கரை இதற்குத் தெளிவான சான்று. மும்பையின் வெர்சோவா முதல் குஜராத்தின் ஜாஃபராபாத் வரை மீனவர் குடியிருப்புகளை ஒட்டி, மூங்கில் நட்டுக் கயிறு கட்டிய உயரமான சட்டங்கள் நிற்கின்றன. உலர்த்தப்படும் மீன் போம்பில். அதன் உடலில் பெரும்பகுதி நீர். மணலில் பரப்பினால் அடிப்பக்கம் ஈரம் தேங்கி அழுகிவிடும். எனவே இரண்டு மீன்களின் தாடைகளை ஒன்றோடொன்று கோத்து, அந்த இணையைக் கயிற்றின் இருபுறமும் தொங்கவிடுகின்றனர். ஒவ்வொரு மீனையும் எல்லாப் பக்கமும் கடற்காற்று தொடுகிறது. வெயில் இங்கே துணை மட்டுமே. காற்றும் அக்காற்றுக்கு வழிவிடும் சட்டமுமே முதன்மையானவை.

வெயிலை நம்ப முடியாத நிலப்பகுதிகளில் தட்டு வீட்டுக்குள் வந்தது. மழை மாதங்கள் நீளும் அசாமில், மிசிங் உள்ளிட்ட சமூகத்தார் தூண்களின் மீது எழுப்பும் 'சாங்கர்' வீட்டின் நடுவே அடுப்பு இருக்கும். அதற்கு நேர் மேலே மூங்கில் தட்டுகள் அடுக்காகத் தொங்கும். அசாமியர் இதைத் 'துவாசாங்' என்பர்; புகைமேடை என்பது பொருள். கீழே சோறு வேகும்போதே மேலே மீனும் இறைச்சியும் உலர்கின்றன; விறகும் அங்கேயே ஈரம் போகக் காய்கிறது. மிசிங் மக்களின் 'நாம்சிங்' என்னும் இடித்த மீன் உணவு இத்தகைய உலர்த்தலில்தான் தொடங்குகிறது. சமையலின் வீண்வெப்பம் சேமிப்பாக மாறுகிறது. உலர்த்துவதற்கென்று தனியே ஒரு சுள்ளியும் எரிக்கப்படுவதில்லை. பல்பயன் சமையற்கலன் என்ற பெயருக்கு இவ்வேற்பாடு முழுத் தகுதியுடையது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விணைப்பு இரு முனைகளில் தளர்ந்தது. ஒன்று, உலர்த்தல் வீட்டைவிட்டுத் தொழிற்கூடத்துக்குச் சென்றது. இரண்டாம் உலகப்போரில் படைகளுக்கு உலர்காய்கறி பெருமளவில் தேவைப்பட்டது. விடுதலைக்குப் பின், 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், 1961-இல் அதே நகரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடமும் தொடங்கப்பட்டன. உணவுலர்த்தல் ஆய்வுத் துறையாக வளர்ந்தது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள தாஸ்காவ் வட்டாரத்தில், திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஒலியேட்டும் கலந்த நீரில் நனைத்து, நிழற்கொட்டகையின் வலைத் தட்டுகளில் பல அடுக்காகப் பரப்புகின்றனர். அக்கரைசல் பழத்தோலின் மெழுகுப் படலத்தில் ஈரம் வெளியேற வழி திறக்கிறது. நிழல் நிறத்தைக் காக்கிறது. எஞ்சிய வேலையைத் தட்டுகளுக்கு இடையே ஓடும் காற்று செய்கிறது. ஏறத்தாழ நான்கு கிலோ திராட்சை ஒரு கிலோ உலர்திராட்சையாகிறது.

மற்றொன்று, அடுப்பே மாறியது. 1965-இல் இண்டேன் எரிவாயு விற்பனைக்கு வந்தது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் எரிவாயுவை ஏழை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. இம்மாற்றத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. துவாசாங்கில் மீனைக் காத்த புகையே, அடுப்பருகே அமர்ந்த பெண்களின் நுரையீரலையும் கண்களையும் கெடுத்தது. பழைய அடுப்பைப் புகழ்கிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆயினும் எரிவாயு அடுப்பு ஒரு வேலைக்கே மாற்றாக வந்தது. அது சமைக்கிறது, உலர்த்துவதில்லை. விறகடுப்போ சமைத்தது, உலர்த்தியது, குளிர்காய உதவியது, தானியத்தைப் பூச்சியிலிருந்தும் காத்தது. எரிவாயு வந்த பின்னும் வடகிழக்கின் வீடுகள் பலவற்றில் இரண்டு அடுப்புகளும் அருகருகே தொடர்வதை அறியாமை என்றோ பழைமைப்பற்று என்றோ தள்ளிவிடுவது எளிது. நான்கு வேலை செய்த ஒன்றை எடுத்துவிட்டு ஒரு வேலை செய்யும் ஒன்றை வைத்தால், எஞ்சிய மூன்று வேலைகளும் பழைய அடுப்பையே தேடிச் செல்லும். அந்த வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதால், புகையும் அவர்களைவிட்டு முழுதாக நீங்குவதில்லை.

மின்கலனின் அடுக்குத் தட்டை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். தட்டு இல்லாமல் காய்த்துண்டுகளைக் கலனின் அடியில் குவித்தால், அவை தம் ஆவியிலேயே வெந்துபோகும். தட்டில் இடைவெளிவிட்டுப் பரப்பினால்தான் உலரும். விசிறிக்கு அருகிலுள்ள தட்டு முந்தி உலர்வதால் இடையில் தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். சூடு மிகுந்தால் மேற்புறம் இறுகி உள்ளீரம் சிறைப்படும். இறைச்சியை முதலில் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய பிறகே உலர்த்த வேண்டும். ஈரம் குறையக் குறைய நுண்ணுயிர்கள் வெப்பத்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றன. புகையும் உப்பும் செய்த காவலை இங்கே வெப்பமானிதான் செய்ய வேண்டியிருக்கிறது.

பிரிந்த நெருப்பும் தட்டும் இக்கருவியில் மீண்டும் சேர்ந்திருக்கின்றன. புகையின்றிச் சேர்ந்திருப்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் சேர்ந்த இடம் வேறு. கடையில் உலர்பழம் வாங்க வசதியுள்ள நகர வீட்டுக்கு அது விருப்பத்துக்குரிய துணைக்கருவி. மழைக்காலத்தில் மீனைக் காக்க வேண்டிய சாங்கர் வீட்டுக்கோ அது வாழ்வின் தேவை. அங்கே அத்தேவைக்கு இன்றும் விறகும் புகையுமே விடை. தூய அடுப்பைப் பற்றிய திட்டங்கள், அடுப்பை மட்டுமன்றி அதற்கு மேலே தொங்கும் தட்டையும் நிமிர்ந்து பார்த்திருந்தால், இந்த இடைவெளி இவ்வளவு நீண்டிருக்காது.