சுண்டெலியைக் குறை சொல்லலாமா?

1975இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வு மையத்தில் லாயிட் ஓல்டின் குழு, சுண்டெலியின் புற்றுக்கட்டியை அழுகவைத்த ஒரு புரதத்துக்கு டிஎன்எஃப் என்று பெயரிட்டது. நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதம் அது. 1985இல் பாய்ட்லர், செராமி என்னும் ஆய்வாளர்கள் அதை முடக்கும் எதிர்ப்பொருளால் எலிகளைப் பாக்டீரியா நஞ்சிலிருந்து காத்தார்கள். ஆனால் தொற்றால் உடலே நிலைகுலையும் செப்சிஸ் நோயாளிகளிடம் அந்த வழி தோற்றது. எலி வேறு, மனிதன் வேறு என்று அப்போது சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அது பாதி விளக்கமே. எலிகளுக்கு எதிர்ப்பொருள் நஞ்சுக்கு முன்பே போனது. நோயாளியோ நோய் முற்றிய பிறகு வருகிறார். ஆய்வு கேட்ட கேள்வியே மருத்துவமனைக்குப் பொருந்தாதது.

லண்டனில் முடக்குவாதத்தை ஆராய்ந்த ஃபெல்ட்மன், மைனி குழு 1992இல் கேள்வியைத் திருத்தியது. மூட்டு வீங்கத் தொடங்கிய எலிகளுக்கே எதிர்ப்பொருள் கொடுத்தார்கள். வீக்கமும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. 1999இல் டிஎன்எஃபை முடக்கும் எதிர்ப்பொருளான இன்ஃப்ளிக்சிமாப் முடக்குவாத மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலி எச்சரிக்கவும் செய்தது: டிஎன்எஃப் சேதியை ஏற்க முடியாத எலிகள் காசநோயில் விரைவில் மடிந்ததை 1995இலேயே கண்டிருந்தார்கள். மருந்து எடுத்த நோயாளிகளிடம் காசநோய் தலைகாட்டியது 2001இல் தெரியவந்தது. இப்போது காசநோய்ப் பரிசோதனைக்குப் பிறகே இம்மருந்தைத் தொடங்குகிறார்கள்.