ஒரு முயலும் என் பல் செட்டும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் போகவில்லை, சீடைதான் போயிற்று.

ரிட்டயர் ஆன சில வருடங்களில், கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டன. கழற்றி மாட்டும் பல் செட் செய்துகொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பின்பக்கம் ஊஞ்சலாடும்; ஈறு புண்ணாகும். கல்யாணப் பந்தியில் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவேன்.

தப்பு செட்டில் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. 1925-இல் எட்வர்ட் கென்னடி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சில பற்கள் மட்டும் இழந்த வாய்களை நான்கு வகையாகப் பிரித்தார். இருபுறமும் கடைசிப் பற்கள் இல்லாத என் வாய் அதில் முதல் வகை. செட்டின் முன்பக்கத்தைச் சொந்தப் பல் தாங்கும். பின்பக்கத்துக்கு ஈறுதான் கதி. பல் எலும்பில் ஊன்றி நிற்கும், ஈறு அமுங்கும். ஆடாமல் என்ன செய்யும்?

இதற்கு வழி பிறந்தது பல் ஆஸ்பத்திரியில் அல்ல. 1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. வேறொருவர் கருவி போச்சே என்று நொந்திருப்பார். இவர் அந்த ஒட்டுதலையே பிடித்துக்கொண்டார். 1965-இல் கோதன்பர்க்கில், தாடைக் குறையோடு இருந்த யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய இம்ப்ளான்ட் பதித்தார். 2006-இல் லார்சன் இறக்கும்வரை அவை உழைத்தன. ஆனாலும் உலகப் பல் மருத்துவர்கள் இதைப் பரவலாக ஏற்க 1982 டொரன்டோ மாநாடு வரை ஆயிற்று.

விழுந்த பல் ஒவ்வொன்றுக்கும் இம்ப்ளான்ட் வைக்க என் பென்ஷன் இடம் தராது. டாக்டர், எலும்பின் கனத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டு, பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே வைத்தார். எலும்பு பிடித்துக்கொள்ளச் சில மாதம் காத்திருந்தோம். பிறகு செட்டை அவற்றின் மேல் உட்காரவைத்தார். இப்போதும் ராத்திரி கழற்றிக் கழுவித்தான் வைக்கிறேன். ஆனால் கடிக்கும்போது பின்பக்கம் அமுங்குவதில்லை.

இந்தக் கோகுலாஷ்டமிக்கு வீட்டுக்காரி வழக்கம்போல் எனக்கு மட்டும் சீடையைப் பொடித்துக் கொண்டுவந்தாள். "முழுசாகவே கொடு" என்றேன். இரண்டு தின்றேன். டாக்டரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.